சால்டர் சக்கர் வாங்கும் முன்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் போர்டு வேலை பழகுகிறவர்களுக்கு

இன்வெர்ட்டர் போர்டில் ஒரு கண்டென்சர் ஊதிப்போயிருக்கும். புதுசு வாங்க இருபது முப்பது ரூபாய் ஆகும். பழையதைக் கழற்றுகிற நேரத்தில் அடியில் இருக்கிற செப்பு வளையம் பிய்ந்து கையோடு வந்துவிட்டால், ஆயிரக்கணக்கில் விலையுள்ள போர்டு வீணாகிறது. வேலை பழக வருகிற பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் மனம் விட்டுப்போகிறார்கள். தங்கள் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வைத்திருக்கும் சக்கரை, அதாவது உருகிய ஈயத்தை (சால்டரை) உறிஞ்சி எடுக்கும் கருவியை, வாங்கிப் பார்த்தால் உள்ளே ரப்பர் வளையம் காய்ந்திருக்கும், ஈயத்தைத் தொடும் நாஸில் (மூக்குக் குழாய்) நுனி உருகிக் கோணியிருக்கும். அதை வைத்துக்கொண்டு யார் இழுத்தாலும் ஈயம் பாதிதான் வரும்.

நான் பழகிய காலத்தில் கடைக்காரர் எடுத்து நீட்டியதுதான் சக்கர். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்லித்தர ஆளில்லை. நாஸில் போனால் அதை மட்டும் தனியாகக் கேட்டுக் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அலைந்திருக்கிறேன். "அதெல்லாம் தனியா வராது தம்பி, புதுசே எடுத்துக்கோ" என்பதுதான் எங்கும் பதில். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கீழே உள்ளதை முழுதாகப் படிக்க நேரமில்லை என்றால் இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்: மாற்று நாஸில் தனியாகக் கிடைக்காத சக்கரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

1. உங்கள் வேலைக்குச் சக்கர் தேவையா என்று பாருங்கள்

பாகத்தின் கால் துளைக்குள் இறங்கி, மறுபக்கம் ஈயம் வைத்துப் பிடித்திருந்தால் அது சக்கருக்கு ஏற்ற வேலை. ஃபேன் ரெகுலேட்டர், மிக்ஸி, ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர், யுபிஎஸ், ஆம்ப்ளிஃபயர், பம்ப் செட் ஸ்டார்ட்டர் போர்டு எல்லாம் இதில் அடங்கும். தேங்காய்த்திட்டு துறைமுகத்துப் பக்கமோ கடலூர் முதுநகர்ப் பக்கமோ கடை போட நினைப்பவர்களுக்கு விசைப்படகுகளின் வயர்லெஸ் செட், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் ஆகியவற்றின் பவர் போர்டுகளும் வரும்.

செல்போன், லேப்டாப் போர்டு மட்டும்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் சக்கருக்குப் பணம் போடாதீர்கள். அங்கே பாகங்கள் போர்டின் மேல்பரப்பிலேயே ஒட்டியிருக்கும். சக்கர் அடிக்கிற அதிர்ச்சியில் சின்னப் பேட் (பாகம் ஒட்டியிருக்கும் செப்புத் திட்டு) பெயர்ந்துவிடும். அந்த வேலைக்கு ஈயத்தை உறிஞ்சும் செப்புப் பின்னல் விக், ஈயம் நன்றாக இளகி ஓட உதவும் நல்ல ஃப்ளக்ஸ், சூடான காற்று ஊதும் ஹாட் ஏர் மூன்றும் போதும்.

2. என்னென்ன வகை இருக்கிறது

ரப்பர் பந்து வகை ஒன்று உண்டு. அமுக்கி விட்டால் இழுக்கும். விலை குறைவு, இழுப்பும் குறைவு. ஒற்றைக் கால் ரெசிஸ்டர் கழற்றலாம். 16 கால் ஐசிக்கு ஆகாது.

ஸ்பிரிங் வைத்த பிஸ்டன் வகைதான் எல்லோரும் சக்கர் என்று சொல்வது. பிஸ்டனை உள்ளே தள்ளிப் பூட்டி, பொத்தானை அமுக்கினால் அது பின்னால் பாய்ந்து ஈயத்தை உறிஞ்சும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதுதான் என் பரிந்துரை. இந்தக் கட்டுரை முழுதும் இதைப் பற்றியதுதான்.

ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னும் உறிஞ்சுகுழாயும் ஒன்றாகச் சேர்ந்த சூடான சக்கரும் சந்தையில் கிடைக்கிறது. ஒரு கையால் வேலை முடியும் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் மலிவு வகைகளில் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது, குழாய் அடைத்துக்கொண்டால் சூட்டோடு குத்தி எடுக்க வேண்டும். முதல் கருவியாக வேண்டாம். இதற்கும் மேலே மோட்டார் வைத்த டீசால்டரிங் கன் இருக்கிறது. ஹாக்கோவின் எஃப்ஆர்-301 போன்றவை. அவற்றின் விலை பல ஆயிரங்கள். நாள் முழுக்கப் போர்டு வருகிற கடைக்குத்தான் கட்டுப்படியாகும்.

3. நாஸிலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

கடையில் எல்லோரும் முதலில் உடம்பைப் பார்க்கிறார்கள்: அலுமினியமா, பிளாஸ்டிக்கா, பளபளப்பாக இருக்கிறதா என்று. ஈயத்தைத் தொடுவது நுனியில் இருக்கும் நாஸில். கெடுவதும் முதலில் அதுதான். எனவே பார்வை அங்கிருந்து தொடங்கட்டும்.

பெரும்பாலான சக்கர்களில் டெஃப்லான் நாஸில் வரும். வெள்ளையாக, மங்கலாக, தொட்டால் மெழுகு தடவியதுபோல் வழுக்கும். உருகிய ஈயம் அதில் ஒட்டாது. 260 டிகிரி வரை தொடர்ந்து தாங்கும். உங்கள் அயர்ன் பிட் (சூடாகும் நுனி) 350 டிகிரியில் இருக்கும் என்பதால் பிட்டை நாஸில் மேல் அழுத்திப் பிடிக்கக் கூடாது. கணநேரம் உரசினால் பரவாயில்லை. டெஃப்லான் அளவுக்கு மீறிச் சூடேறினால் வெளிவரும் புகை நுரையீரலுக்குக் கெடுதல். நாஸில் கருகும் வாடை வந்தால் வேலையை நிறுத்திவிட்டு சன்னலைத் திறந்துவிடுங்கள்.

மலிவுச் சரக்கில் டெஃப்லான் என்று சொல்லி நைலான் நாஸில் போட்டு விற்பது உண்டு. நைலான் அதன் வகையைப் பொறுத்து 220 முதல் 265 டிகிரிக்குள் உருகிவிடும். ஈயமே 60/40 வகையானால் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்) 183 டிகிரியில் இளகத் தொடங்கி 190-க்குள் முழுதும் உருகும். ஈயமில்லாத சால்டர் உருக வகையைப் பொறுத்து 217 முதல் 227 டிகிரி வேண்டும். பிட் அதைவிட நூறு டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். நைலான் எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வேறுபாடு கண்டுபிடிக்க நகத்தால் லேசாக அழுத்திப் பாருங்கள். டெஃப்லானில் தடம் விழும், விரல் வழுக்கும். நைலான் கெட்டியாக, காய்ந்ததாக இருக்கும்.

மூன்றாவது வகை சிலிக்கான் குழாய் நாஸில். மென்மையானது. பாகத்தின் காலையும் ஈயத்தையும் சுற்றி அழுந்தி மூடிக்கொள்வதால் காற்று பக்கவாட்டில் கசியாது, இழுப்பு முழுதும் ஈயத்துக்கே போகும். பிட் மேல் கொஞ்ச நேரம் பட்டாலும் தாங்கும். இதனால் சூடு ஆறும் முன் உறிஞ்சிவிடலாம். ஜப்பானின் எஞ்சினியர் நிறுவனத்து எஸ்எஸ்-02 இந்த வகையில் பெயர்பெற்றது. கைக்கு அடங்கிய அலுமினிய உடம்பு, நுனியில் சிலிக்கான் குழாய். குழாய் தேய்ந்தால் நுனியை வெட்டிவிட்டு முன்னே இழுத்துக்கொள்ளலாம், தனியாகவும் வாங்கலாம்.

அந்த விலை இப்போதைக்கு முடியாது என்றால், சாதாரண டெஃப்லான் நாஸில் மேல் ஒரு சின்னத் துண்டு சிலிக்கான் குழாயைச் செருகி, நுனி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விடலாம். நன்றாக வேலை செய்யும். வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: மீன் தொட்டிக்கு விற்கும் குழாய்களில் சிலிக்கானும் உண்டு, பிவிசியும் உண்டு. பிவிசி சூட்டில் உருகிக் கெட்ட புகை விடும். தீக்குச்சியில் ஒரு நுனியைக் காட்டிப் பாருங்கள். சிலிக்கான் உருகி ஒழுகாது, வெள்ளைச் சாம்பலாகும். பிவிசி கறுத்து உருகி மூக்கைக் குத்தும்.

கறுப்பு நாஸிலோடு வருகிற சில சக்கர்கள் ஆன்டி ஸ்டாட்டிக் வகை. பிஸ்டன் பிளாஸ்டிக் குழாய்க்குள் வேகமாக உரசும்போது நிலைமின்சாரம் உண்டாகும். அது மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர்களையும் சிமாஸ் வகை ஐசிகளையும் கொல்லலாம். மின்சாரத்தை மெல்லக் கடத்திவிடும் பிளாஸ்டிக்கில் செய்த இவ்வகையில் அந்த ஆபத்து குறைவு. இன்வெர்ட்டர் வேலை நிறைய வரும் என்றால் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்து இதை வாங்கலாம். கறுப்பாக இருப்பதெல்லாம் ஆன்டி ஸ்டாட்டிக் ஆகிவிடாது, உறையில் அப்படி அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

நாஸில் துளை ஈயப் புள்ளியை மூடும் அளவு இருக்க வேண்டும். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் பெரும்பாலான வேலைக்குச் சரி. நாஸில் மாட்டும் விதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலவற்றில் மரை, சிலவற்றில் செருகல். அதனால் சக்கர் வாங்குகிற அன்றே அதே கடையில் இரண்டு மாற்று நாஸிலும் வாங்கிவிடுங்கள். கடைக்காரர் இல்லை என்றால் அந்த மாடலை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

4. கடையில் நின்றபடியே செய்ய வேண்டிய சோதனை

நாலைந்து நிமிடம் ஆகும். நல்ல கடைக்காரர் தடுக்கமாட்டார். "பிரிச்சா எடுத்துக்கணும்" என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.

முதலில் விரல் சோதனை. பிஸ்டனை அமுக்கிப் பூட்டுங்கள். நாஸில் துளையை விரல் நுனியால் இறுக மூடிக்கொண்டு பொத்தானை அமுக்குங்கள். உள்வளையம் நன்றாக இருந்தால் பிஸ்டன் பாதி வழியில் தயங்கி நின்று மெதுவாக ஊரும். விரலை எடுத்ததும் "டப்" என்று மீதித் தூரம் பாயும். விரல் மூடியிருக்கும்போதே முழுதும் பாய்ந்துவிட்டால் எங்கோ காற்று கசிகிறது. அதே மாடலில் இன்னொன்றை எடுத்துப் பாருங்கள். இரண்டாவதும் அப்படியே என்றால் அந்த மாடலே வேண்டாம். மற்றச் சோதனைகளை மறந்தாலும் இதை விடாதீர்கள். ஸ்பிரிங் எவ்வளவு முரட்டுத்தனமாக அடிக்கிறது என்பதை வைத்து இழுப்பை எடைபோட முடியாது. சத்தம் பெரிதாக இருந்து கசிவும் இருந்தால், போர்டு அதிரும், ஈயம் அங்கேயே கிடக்கும்.

அடுத்து பின்னுதை. பிஸ்டனைப் பூட்டிய சக்கரின் நுனியை மேசை மேல் லேசாக வைத்துப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். நுனி மேசையிலிருந்து துள்ளினால் போர்டிலும் துள்ளும். உருகிய ஈயம் இருக்கும் பேட் மேல் அப்படி இடித்தால்தான் செப்பு வளையம் பெயர்கிறது. நீளமான, கனமான பிஸ்டன் உள்ளவற்றில் இழுப்பும் அதிகம், துள்ளலும் அதிகம். அமெரிக்காவின் எட்சின் நிறுவனத்து சோல்டாபுல்ட் டிஎஸ்017 பெரிய உடம்புக்காரன்; பெரிய துளை, தடித்த கால் உள்ள போர்டுகளுக்குப் பலர் அதைத்தான் விரும்புகிறார்கள். புதிதாகக் கை பழகுகிறவர்களுக்குச் சின்ன உடம்பே வசதி.

பின்பக்கத் தண்டைக் கவனியுங்கள். சில வகைகளில் பொத்தானை அமுக்கியதும் தண்டு வெளியே பாய்ந்து வரும். குனிந்து வேலை பார்க்கும்போது அது முகத்துக்கு நேராக இருக்கும். கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தண்டைச் சுற்றித் தடுப்பு உள்ளதையோ, தண்டு உள்ளுக்குள்ளேயே ஓடுவதையோ வாங்குங்கள்.

ஒரு கையால் பூட்ட முடிகிறதா? உங்கள் வலது கையில் அயர்ன் இருக்கும். இடது கையால் மட்டும் சக்கரைப் பிடித்து, கட்டைவிரலால் அமுக்கிப் பூட்டி, அதே விரலால் பொத்தானைத் தட்ட வர வேண்டும். சின்னக் கை உள்ளவர்கள் கடையில் பத்து முறையாவது செய்து பாருங்கள். பெண் பிள்ளைகளுக்குக் கடைக்காரர் பெரும்பாலும் பெரியதைத்தான் எடுத்துக் கொடுக்கிறார், அது "ஸ்ட்ராங்" என்பார். உங்கள் கைக்கு எது அடங்குகிறதோ அதைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக இரண்டு விஷயம். பிஸ்டனைப் பூட்டும்போது உள்ளிருக்கும் கம்பி நாஸில் துளை வழியே எட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே உறைந்த ஈயத்தைத் தள்ளிவிடுவது அதுதான். பிறகு உடம்பைத் திருகிக் கழற்றச் சொல்லுங்கள். கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே கழன்று, உள்ளே ரப்பர் வளையம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கழற்ற முடியாத சக்கரைச் சுத்தம் செய்ய முடியாது.

5. எவ்வளவு செலவாகும்

பெயரில்லாத பிளாஸ்டிக் சக்கர் ₹100-க்குள் கிடைக்கும். சோல்ட்ரான் போன்ற இந்தியத் தயாரிப்புகளும் அந்தத் தரத்தில் உள்ள மற்றவையும் சுமாராக ₹150 முதல் ₹400 வரை. எஞ்சினியர் எஸ்எஸ்-02 போன்ற இறக்குமதிச் சரக்கு ₹2,000-ஐத் தாண்டும். கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் விலை மாறும், இதை ஒரு மட்டக் கணக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்து: முதல் ஆறு மாதத்துக்கு நடு விலைச் சக்கர் போதும். அதில் மிச்சமாகும் பணத்தை அயர்னில் போடுங்கள். ஈயம் முழுதாக உருகாமல் எந்தச் சக்கரும் இழுக்காது. 25 வாட் அயர்ன் ஒருபக்கப் போர்டுக்குச் சரி. இன்வெர்ட்டர் போர்டில் அகலமான செப்புப் பரப்பில் இருக்கும் கால் சூட்டை முழுக்க இழுத்துக்கொள்ளும். அங்கே 50, 60 வாட் வேண்டும். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் அயர்ன் ஒன்று வாங்கிவிட்டால் இரண்டு வேலையும் அதிலேயே முடியும்.

கூடவே வாங்க வேண்டியவை: 2 அல்லது 2.5 மி.மீ. அகலச் செப்பு விக் ஒரு சுருள், ரோசின் ஃப்ளக்ஸ் சின்ன டப்பா, 60/40 அல்லது 63/37 ஈயக் கம்பி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு பாட்டில். ஃப்ளக்ஸ் கேட்கும்போது குழாய், தகரம் ஒட்டுகிறவர்கள் பயன்படுத்தும் ஆசிட் பேஸ்டை வாங்கிவிடாதீர்கள். அன்றைக்கு நன்றாக ஒட்டும். சில மாதத்தில் நம் ஊர் ஈரக்காற்றில் செப்பு டிராக் பச்சை பூத்துப் போகும்.

6. எங்கே, எப்போது போவது

கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலையிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் தொடங்குங்கள். எலெக்ட்ரிக்கல் கடையைவிட டிவி, ரேடியோ பாகம் விற்கும் கடையில் சரக்கு தெரிந்தவர் இருப்பார். புதுச்சேரியில் நேரு வீதி, அண்ணா சாலை, காமராஜர் சாலைப் பக்கம் விசாரியுங்கள். புதுச்சேரிக் கடைகளில் பல மதியம் சாத்திவிட்டு மாலையில்தான் திறக்கும். கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போகிறவர்கள் காலை பத்து மணிக்கு அங்கே இருக்கும்படி கிளம்புங்கள். இல்லையென்றால் மூன்று மணிநேரம் வெயிலில் நிற்க நேரும். போகும் முன் போன் செய்து, "மாற்று நாஸில் தனியா இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

புதுச்சேரி ஞாயிறு சந்தையில் பழைய கருவிகள் கண்ணில் படலாம். பழைய சக்கர் அங்கே வாங்காதீர்கள், வளையம் காய்ந்திருக்கும். பழகுவதற்குப் பழைய ரேடியோ, டிவிடி போர்டு கிடைத்தால் அதை எடுத்து வாருங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் எல்லா வகையும் கிடைக்கும், நாஸிலும் தனியாகக் கிடைக்கும். ஒரு சக்கருக்காகவே போனால் பஸ் செலவு சக்கர் விலையைத் தாண்டிவிடும். நாலு பேர் சேர்ந்து பட்டியல் போட்டு ஒருவரை அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது, விற்பவர் யார் என்பது. பெயர்பெற்ற மாடலின் படத்தைப் போட்டு வேறொன்றை அனுப்புவதை நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள். பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டு தெரியும்படி வீடியோ எடுங்கள். வந்த அன்றே விரல் சோதனை செய்யுங்கள். திருப்பி அனுப்பும் கெடு சில நாள்தான், சில பொருளுக்கு மாற்றித் தருவார்கள், பணம் தரமாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் கூரியர் நிறுவனம் ஆதார், பான் போன்ற அடையாளச் சான்று கேட்கும். சுங்கவரியும் ஐஜிஎஸ்டியும் விலைக்கு மேல் வரும். நடுவழியில் பார்சல் நின்றபிறகு இதைத் தெரிந்துகொள்வதைவிட முன்பே கணக்குப் போடுவது நல்லது.

7. பில்லும் உறையும்

₹200 பொருளுக்குப் பில் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். ஒரு வாரத்தில் பூட்டு தேய்ந்து நிற்காமல் போனால், பில் இருந்தால்தான் பேச முடியும். பதிவு பெற்ற கடை என்றால் பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கும். தமிழ்நாட்டுக் கடைக்கு அது 33 என்று தொடங்கும், புதுச்சேரிக் கடைக்கு 34. பதிவில்லாத சின்னக் கடையில் கடை பெயர், தேதி, பொருள், தொகை, கையெழுத்து உள்ள ரசீது வாங்கினாலும் செல்லும். மாடல் பெயரை எழுதச் சொல்லுங்கள். "டூல்ஸ் 1" என்று மட்டும் எழுதிய பில்லால் பயனில்லை.

உறையைத் தூக்கி எறியும் முன் படியுங்கள். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், எல்லா வரியும் சேர்த்த எம்ஆர்பி, தயாரித்த மாதமும் ஆண்டும், புகார் செய்யத் தொடர்பு விவரம் எல்லாம் உறையில் இருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கானால் எந்த நாட்டில் செய்தது என்பதும் இருக்கும். இவை எதுவும் இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் கவரில் "ஜப்பான்" என்று மட்டும் இருந்தால் அந்தச் சொல்லை நம்பி அதிக விலை கொடுக்காதீர்கள். கடைக்காரர் மாற்றித்தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லின் படம், பொருளின் படம் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

கடை தொடங்க நினைப்பவர்களுக்கு இன்னும் இரண்டு வரி. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பானும் இருந்தால் அரசின் இணையதளத்தில் நீங்களே செய்யலாம், இதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். கைவினைஞர்களுக்கான மத்திய அரசின் பிஎம் விஸ்வகர்மா திட்டத்தில் ₹15,000 வரை கருவி வவுச்சர் கிடைக்கிறது என்று யாராவது அழைத்தால், அந்தத் திட்டத்தின் 18 தொழில்களில் படகு கட்டுதலும் மீன்வலை பின்னுதலும் உண்டு, எலெக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்பு இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

8. முதல் நாள்: பழைய போர்டில் பழகுங்கள்

வாடிக்கையாளர் போர்டைத் தொடும் முன் குப்பைப் போர்டில் ஐம்பது கால்களாவது கழற்றுங்கள். அதில் ஒரு எச்சரிக்கை. பவர் சப்ளை போர்டின் பெரிய கண்டென்சர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தை வைத்திருக்கும். 230 வோல்ட் மின்சாரம் நேராக்கப்பட்டால் 325 வோல்ட் வரை அதில் நிற்கும். ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் இரு வயரையும் கண்டென்சர் முனைகளில் வைத்துத் தேங்கிய மின்சாரத்தை இறக்குங்கள், பிறகு மீட்டரில் பார்த்து உறுதிசெய்துகொண்டு கை வையுங்கள்.

இனி வேலை. பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயம் ஊற்றுங்கள். எடுக்கப்போகிற இடத்தில் ஏன் மேலும் ஊற்ற வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். புது ஈயத்தோடு வரும் ஃப்ளக்ஸ் பழையதை இளக்கும். ஈயமில்லாத சால்டரோடு 63/37 கலந்தால் அது குறைந்த சூட்டிலேயே உருகும். பருமன் கூடுவதால் சூடும் பரவும், சக்கருக்குப் பிடிக்க ஏதாவது இருக்கும். பிட்டை இரண்டு மூன்று வினாடி வையுங்கள். ஈயம் முழுதும் பளிச்சென்று நீர்போல் ஆனதும், பிட் அங்கேயே இருக்க, நாஸிலை ஈயத்தின் மேல் மூடி பொத்தானைத் தட்டுங்கள். பிட்டை எடுத்துவிட்டுச் சக்கரைக் கொண்டுபோனால் அதற்குள் ஈயம் உறைந்துவிடும்.

ஒரே இழுப்பில் துளை திறக்கவில்லை என்றால், மிச்சமிருக்கும் மெல்லிய ஈயத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். மறுபடி ஈயம் ஊற்றி நிரப்பி, மறுபடி இழுங்கள். இருபக்கப் போர்டில் ஒரு பக்கம் சூடேற்றி மறுபக்கம் உறிஞ்சினால் துளை சுத்தமாகும். போர்டை நிறுத்திப் பிடிக்க ஒரு கிளாம்ப் தேவைப்படும். கால் துளையில் லேசாக ஆடுகிறதா என்று ட்வீசரால் பார்த்த பிறகே பாகத்தை எடுங்கள். ஆடாத காலை இழுத்தால்தான் வளையம் பிய்கிறது. ஐசி எப்படியும் கெட்டுப்போனது என்றால், கால்களைக் கட்டரால் வெட்டிவிட்டு ஒவ்வொன்றாக எடுப்பது போர்டுக்கு நல்லது. பேட்டின் மேல் படிந்த கடைசி மெல்லிய ஈயத்துக்கு விக் பயன்படுத்துங்கள்.

அடுத்த முறைக்குப் பிஸ்டனைப் பூட்டும்போது போர்டுக்கு மேல் வைத்துப் பூட்டாதீர்கள். நாஸில் வழியாக ஈயத் துணுக்கு தெறிக்கும். அது இரண்டு கால்களுக்கு நடுவே விழுந்தால் ஷார்ட். பக்கத்தில் ஒரு தகர டப்பா வைத்து அதற்குள் பூட்டுங்கள்.

படகில் இருந்து வந்த போர்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். உப்பும் பச்சையும் படிந்த ஈயம் சீக்கிரம் உருகாது. பிட்டை அழுத்திப் பிடிக்கத் தூண்டும், அதில்தான் டிராக் பெயரும். முதலில் ஆல்கஹாலும் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்துச் சுத்தம் செய்து, காயவிட்டு, ஃப்ளக்ஸ் தடவி, புது ஈயம் கலந்த பிறகு இழுங்கள். மேலே அரக்குப் பூச்சு இருந்தால் அந்த இடத்தில் மட்டும் சுரண்டி எடுங்கள்.

9. உப்புக் காற்றில் சக்கரைக் காப்பாற்றுவது

உப்பனாற்றுப் பக்கமோ கடற்கரைக் குப்பங்களிலோ இருப்பவர்களுக்கு, உள் ஸ்பிரிங் துரு ஏறுவது பெரிய தொல்லை. வேலை முடிந்ததும் மூடியுள்ள டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அந்தப் பொட்டலத்தை அடிக்கடி மாற்ற வேண்டும். பிஸ்டனைப் பூட்டிய நிலையில் இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள், ஸ்பிரிங் தளர்ந்துபோகும்.

வாரம் ஒருமுறை, வேலை அதிகம் என்றால் தினமும், கழற்றி உள்ளிருக்கும் ஈயத் தூளைக் கொட்டுங்கள். ரப்பர் வளையத்தைத் துடைத்து மிகக் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம். ஈயத் தூள் அதில் ஒட்டிச் சேறாகி வளையத்தைத் தேய்க்கும், சில எண்ணெய் ரப்பரையே ஊத வைக்கும். தடவி முடித்ததும் விரல் சோதனை. பிஸ்டன் தயங்கி நிற்கவில்லை என்றால் வளையத்தை மாற்றுங்கள். அளவு தெரிய பழைய வளையத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நாஸில் நுனி கோணினால் பிளேடால் நேராகச் சீவலாம், இரண்டு மூன்று முறைக்கு மேல் சீவினால் உட்கம்பி அதிகம் வெளியே நீட்டும், அப்போது மாற்றிவிடுங்கள்.

கொட்டுகிற தூளில் நஞ்சான ஈய உலோகம் இருக்கிறது. அதை வாயால் ஊதாதீர்கள், வீட்டில் சமையல் நடக்கிற இடத்தில் கொட்டாதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள். வேலைக்குப் பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீ கிளாஸைத் தொட வேண்டும். தூளை மூடியுள்ள ஒரு டப்பாவில் சேர்த்து, மேலே "ஈயம்" என்று எழுதி ஒட்டி, நிறைந்ததும் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள்.